உயிருடன் உள்ளதாகப் பதிவு

தணிகைவேல் செத்துப் பதினோரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிவாக்கில், எங்கோ ஒரு கருவியில் வலது கைப் பெருவிரலை வைத்துத் தான் உயிரோடு இருப்பதை நிரூபித்திருந்தார்.

இதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி சுகந்தி. கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் எதையும் தேடிப் போகவில்லை. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் கல்லேரிப்பட்டு என்கிற ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறவள் அவள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், பிறப்பு, இறப்பு என்று ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தவளுக்குச் சொந்தப் புருஷனின் இறப்புச் சான்றிதழ் மட்டும் வந்து சேரவில்லை. நாலு முறை விண்ணப்பித்தாள். நாலு முறையும் "பரிசீலனையில்" என்று காட்டிவிட்டு, பிறகு காரணம் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். அவர் சம்பளம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி, குடும்ப அட்டையிலிருந்தாவது பெயரை நீக்கிப் பார்ப்போம் என்று அந்தப் புதன்கிழமை உட்கார்ந்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: "பெயரை நீக்க இயலாது. இந்த உறுப்பினர் உயிருடன் உள்ளதாகப் பதிவு. கடைசிக் கைரேகைச் சரிபார்ப்பு: நேற்று, காலை 10.14."

முதியோர் உதவித்தொகைக்காக எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, என்னுது வந்துச்சா?" என்று கேட்டாள். சுகந்தி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். எந்த விரலை வைத்தார்? எரித்த விரலையா?

கல்லேரிப்பட்டில் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள். போரில் செத்தவன், பனியில் செத்தவன், வண்டி கவிழ்ந்து செத்தவன் எல்லோரும் கொடி போர்த்தித்தான் ஊருக்குள் வந்திருக்கிறார்கள். துப்பாக்கி முழங்கும், பிகிள் ஊதுவார்கள், கலெக்டர் மாலை போடுவார். சிக்னல் பிரிவில் ஹவில்தாரான தணிகைவேல் மட்டும் தனியார் ஆம்புலன்ஸ் ஒன்றில், சாதாரணச் சட்டை போட்ட இரண்டு பேர் துணையோடு வந்தார். பிப்ரவரி பத்தொன்பதில் இறந்தவர், வந்து சேர்ந்தது இருபத்தைந்தில். வடக்கே ஒரு தளத்தில் ராணுவக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மாரடைப்பு என்றார்கள். ஏதோ ரகசிய வேலை நடப்பதாகவும், கொஞ்ச காலத்துக்குச் செய்தி வெளியே போகக் கூடாதென்றும், போஸ்டர் ஒட்டவோ படம் போடவோ வேண்டாமென்றும் சொன்னார்கள். அவர் போனைக் கேட்டதற்கு, உடைந்துவிட்டது என்றார்கள். வெயில் ஏறுமுன் எரித்தாயிற்று.

இதற்கெல்லாம் சம்மதம் கொடுத்தவர் மாமனார் ராஜமாணிக்கம். அவரும் பட்டாளத்துக்காரர், நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். பனிமலையில் இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர். "ஆர்டர்னா ஆர்டர்தாம்மா" என்றார். ஊர் முழுக்க வாயை மூடிக்கொண்டது. பட்டாளத்து ஊர் அல்லவா, அது அவர்களுக்குப் பழக்கம்.

சுகந்தி போனை எடுத்தாள். அதில் பதினோரு மாதமாகத் தொடாத புருஷனின் பெயரைத் தொட்டு, "யார் இது?" என்று அனுப்பினாள்.

மூன்றாவது நிமிஷம் பதில் வந்தது: "டூட்டில இருக்கன்டி. சாயந்தரம் பேசறன். சாப்ட்டியா?"

"இருக்கேன்" என்று தணிகைவேல் ஒருநாளும் அடித்ததில்லை. "இருக்கன்" தான். "பேசறன்" தான். எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறாள். அவள் எழுந்து போய் ஷட்டரை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை.

மறுநாள் நடுப்பகலில் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. இறங்கியவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்குள் இருப்பார், பார்த்தால் கல்லூரி வாத்தியார். பெயர் வில்சன் ஞானராஜ், கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். இன்னொருவர் மேஜர் தீட்சித். யூனிஃபார்ம் இல்லை, தமிழும் இல்லை.

"அந்த நம்பருக்கு இனிமே மெசேஜ் அனுப்பாதீங்கம்மா" என்றுதான் வில்சன் ஆரம்பித்தார்.

"செத்தவரு பதில் போடலாம், கட்டினவ கேக்கக் கூடாதா?"

"உங்க கோவம் எனக்குப் புரியுது."

"ஒண்ணும் புரியல உங்களுக்கு. மொதல்ல சொல்லுங்க. அந்த மெசேஜ் போட்டது யாரு?"

வில்சன் மேஜரைப் பார்த்தார். மேஜர் தலையசைத்தார்.

"யாரும் இல்ல. ஒரு ப்ரோக்ராம். அவர் போன்ல இருந்த பத்து வருஷ மெசேஜ், வாய்ஸ், போட்டோ எல்லாத்தையும் வச்சு அதுக்குப் பேசக் கத்துக் குடுத்திருக்கோம்." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "ராணுவ நெட்வொர்க்குக்குள்ள நுழையறவன் மெஷினை உடைக்க மாட்டாம்மா. மனுஷனைத்தான் உடைப்பான். எந்த சிப்பாய்க்குக் கஷ்டம், எவன் மனசு வெறுத்து இருக்கான்னு தேடிட்டே இருப்பான். அப்படி ஒரு ஆளை நாங்களே உண்டாக்கி வச்சுட்டா, அவன் நேரா அங்க வந்துருவான். எந்த வழியா வாரான், என்ன ஆயுதம் வச்சிருக்கான்னு நாம பாத்துக்கலாம்."

"தூண்டில்."

"ஆமா. முன்னாடி கற்பனை ஆளுங்களை வச்சுப் பண்ணிப் பாத்தோம். ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுட்டான். ஏன்னா கற்பனை ஆளுக்குப் படிச்ச பள்ளிக்கூடம் கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது, கைரேகை கிடையாது. எதிரி இதெல்லாம் துருவித் துருவிப் பாக்குறான். அவன் நம்பணும்னா நெஜமா வாழ்ந்த ஆள் வேணும்."

"வாழ்ந்து செத்த ஆளு."

"செத்தது வெளிய தெரியாத ஆள்" என்று மெதுவாகச் சொன்னார் வில்சன்.

சுகந்திக்கு அந்த ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்தது. கடைசியாக அவர் கையைப் பிடித்தபோது பத்து விரலின் நுனியும் கருநீலமாக இருந்தது. மாரடைப்பு வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று கூட வந்த இருவரில் ஒருவன் சொன்னான். அவளும் நம்பினாள்.

"மை" என்றாள். "அவரு விரல்ல இருந்தது மை. ரேகை எடுத்திருக்கீங்க."

வில்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"ரெண்டாம் கட்ட நிதி வரணும். ராணுவ நெட்வொர்க் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு அரசாங்கம் குடுக்குற பணம். மொதல் கட்டம் முடிஞ்சுது. இந்தத் தடவை ஒரு கமிட்டி, குடும்பத்தோட சம்மதக் கையெழுத்து இல்லாம ஃபைல் நகராதுன்னுட்டாங்க. உங்களைப் பாக்க வரணும்னு நாங்களும் நெனச்சுட்டுத்தான் இருந்தோம். அதுக்குள்ள உங்க மெசேஜ் வந்துருச்சு."

"பதினோரு மாசம் அவரை வேலை வாங்கிட்டு இப்ப சம்மதம் கேக்கறீங்க."

மேஜர் வந்த நேரத்திலிருந்தே ராஜமாணிக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இப்போது மேஜரைப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். மேஜர் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"பாக்கலான்றாரும்மா" என்றார் மாமனார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னா பேசிகினு கீறான்னு நாம பாக்கணும்னு கேட்டேன். கொஞ்சம் காட்டச் சொல்லிட்டாரு."

அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. மகன் செத்த பிறகும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். சுகந்தி அதைக் கவனித்தாள்.

வில்சன் லேப்டாப்பைத் திறந்து, முதலில் தமிழில் இருந்த பகுதியைக் காட்டினார். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது. எதிரி அந்த போனை ஒட்டுக்கேட்பதால், அதில் வீட்டுப் பேச்சும் இருந்தாக வேண்டுமாம். ஆகவே சுகந்தியையும் செய்திருந்தார்கள்.

சுகந்தி படித்தாள்.

"வெண்ணிலாவுக்கு நேத்தும் மூச்சு வாங்கிச்சுங்க. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணுமாம்."

"பணத்துக்கு எங்கடி போவன்."

"புள்ளய விட உங்களுக்கு வேற இன்னா பெருசு? யார் கிட்டயாவது கேளுங்க."

"யாரும்மா வெண்ணிலா?" என்றார் ராஜமாணிக்கம்.

அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தப் பெயர் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் சுகந்திக்கு நாள் தள்ளிப்போனபோது, பெண் பிறந்தால் வெண்ணிலா என்று தணிகைவேல் வடக்கிலிருந்து எழுதினார். அன்றிலிருந்து தினமும், "வெண்ணிலா இன்னா பண்றா?" என்று கேட்டார். மூன்றாம் மாதக் கடைசியில் கலைந்துபோயிற்று. அதன்பிறகு இருவருமே அந்தப் பெயரை எழுதியதில்லை.

"இது எப்படி சார் வந்துச்சு?" என்றாள் சுகந்தி. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ப்ரோக்ராம் தானா எடுத்துக்கிட்டது. பழைய மெசேஜ்ல அந்தப் பேர் நிறைய இருந்திருக்கு. ஒரு ஆள் துரோகம் பண்ணணும்னா அதுக்கு ஒரு காரணம் வேணும்லா. சீக்காளிக் குழந்தைன்னா எதிரி நம்புவான்." சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "குழந்தை... இல்லைங்கிறது எங்களுக்குத் தெரியும். போய்ட்டதுங்கிறது தெரியாது."

"மூணு மாசத்துல போச்சு. அதையும் நோண்டி எடுத்திருக்கீங்க. எடுத்து, பேர் வச்சு, வளத்து, சீக்கு குடுத்து, அத்த காட்டி எங்க வீட்டுக்காரர வித்திருக்கீங்க." சுகந்தி லேப்டாப்பைத் தன்னிடமிருந்து தள்ளினாள். "பொணத்துங்கிட்ட கூடத் திருடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். பொறக்காத கொழந்தகிட்டத் திருடினவங்கள இப்பதான் பாக்கறேன்."

மேஜருக்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்திருக்கும். லேப்டாப்பை மூடச் சொல்லிக் கை காட்டினார். அதற்குள் ராஜமாணிக்கம் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த பகுதி இந்தியில் இருந்தது. எதிரியோடு பேசியது. சுகந்திக்கு இந்தி தெரியாது. மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்து நகர்த்தினார். பாதிப் பக்கம் போனதும் விரல் நின்றது.

"இன்னா மாமா?"

அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "'எனக்கு இந்த நாடு ஒண்ணும் பண்ணல. எங்கப்பன் ரெண்டு விரலக் குடுத்தான், அவனுக்கும் ஒண்ணும் பண்ணல. நீங்க கேக்கற வரைபடம் என்கிட்ட கீது. எவ்ளோ தருவீங்க?'" கண்ணாடியைக் கழற்றினார். "என் புள்ள கேக்கறான். எவ்ளோ தருவீங்கன்னு."

"ஐயா, அது உங்க மகன் இல்ல. அது வெறும்..."

"பேரு அவன் பேரு. நம்பரு அவன் நம்பரு. பட்டாளத்து எண் அவனுது. அந்தாண்ட இருக்கறவன் யாருன்னு எழுதி வச்சிருப்பான்? உன் ப்ரோக்ராம் பேரையா?"

ராஜமாணிக்கம் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது இன்னா?" என்றார் திடீரென்று. "'பதினாலு மாசமா எழுதிப் போட்டுகினு கீறேன். ரூம்ல சைரன் வேலை செய்யல, ஆளு மாட்டிக்கினா சாவான்னு. எவனும் காதுல வாங்கல.' இதுவும் உங்க கற்பனையா?"

மேஜர் வில்சனின் தோளைத் தொட்டார். வில்சன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல எடுத்துவிட்டார்.

"இல்ல" என்றார். "அது அவர் எழுதினது. அவர் போன்ல இருந்த கடுதாசி. மேலதிகாரிக்கு அனுப்பினது, ஏழு தடவை."

"எந்த ரூமு?"

"கம்ப்யூட்டர் ரூம். அங்க தீப்பிடிச்சா தண்ணி ஊத்த முடியாது, மெஷின் வீணாப் போயிரும். அதனால கார்பன் டை ஆக்சைடை மொத்தமாத் திறந்துவிட்டுருவாங்க. தீ அணைஞ்சிரும், மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள ஆள் இருந்தா மூச்சு முட்டிரும். அதுக்குத்தான் முப்பது செகண்டுக்கு முன்னாடி சைரன் அடிக்கணும், கதவு திறந்துக்கணும்."

"அடிக்கல" என்றாள் சுகந்தி.

"அடிக்கல."

"தீ பெருசா?"

வில்சன் லேப்டாப்பை இழுத்து மூடினார். "தீயே இல்லம்மா. சென்சார் கோளாறு."

மாரடைப்பு என்று சொன்னதை நம்பி, இதயத்துக்கு நல்லதென்று யாரோ சொன்ன பூண்டுப்பாலை அவருக்குக் குடிக்கச் சொல்லாமல் விட்டோமே என்று பதினோரு மாதம் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் சுகந்தி. அவள் எழுந்து நின்றாள்.

"உங்க திட்டத்துக்கு எப்ப பணம் குடுத்தாங்க?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"சொல்லுங்க. நா ஆபீஸ் வேலை பாக்கறவ. எனக்குத் தேதி வேணும்."

"பிப்ரவரி இருபத்துநாலு."

"விண்ணப்பம் போட்டது?"

"இருபது."

"பத்தொம்பது செத்தாரு. இருபது நீங்க கையேந்தினீங்க. இருபத்துநாலு கையெழுத்து. இருபத்தஞ்சு எங்களுக்குப் பொணம். நாலே நாள். நா ஒரு வருமானச் சான்று வாங்கறதுக்கே பாஞ்சு நாள் ஆவுது." அவள் மேஜரைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள். "அவரு கேட்டாரே சைரனு, அத்த எப்ப மாட்டினீங்க?"

மேஜர் வில்சனைப் பார்த்தார். வில்சன் மொழிபெயர்க்கவில்லை. தானே சொன்னார்: "அது இன்னும் நிலுவையிலதான் இருக்கு."

அதற்குப் பிறகு வில்சன் தன் தரப்பைச் சொல்லத்தான் செய்தார். போன ஐப்பசியில் தெற்கு ரயில்வே தடங்களின் சிக்னல்களைக் கலைக்க எதிரி போட்ட திட்டம், தணிகைவேலிடம் அவன் பேசியதில்தான் தெரியவந்ததாம். அன்றைக்கு எத்தனை ரயில், எத்தனை ஆயிரம் பேர் என்று சொன்னார். அது பொய்யில்லை என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஐப்பசியில் சுகந்தியே இரண்டு முறை காட்பாடிக்கு ரயிலில் போய் வந்திருந்தாள்.

"இப்படி வச்சிருக்கறது இவர ஒருத்தரத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்மா. இவர்தான் முதல். இப்போதைக்கு இவர் ஒருத்தர்தான்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. போகும்போது மேஜர் வாசலில் நின்று ராஜமாணிக்கத்திடம் பேசினார். வெளியே சொன்னால் ரகசியக் காப்புச் சட்டம், வருடக்கணக்கில் சிறை என்பது அதன் சாரம். கடைசியில் மேஜர் ஒரு பழைய சிப்பாயிடம் பேசுவது போல அவர் தோளில் தட்டினார். ராஜமாணிக்கம் சல்யூட் அடிக்கவில்லை. வாழ்க்கையில் ஓர் அதிகாரிக்கு அவர் சல்யூட் அடிக்காதது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் சுகந்தி மையத்தைத் திறந்தாள், அடுத்தவர் விண்ணப்பங்களைத் தட்டினாள், மூடினாள். கோபம் இருந்தது, கோபம் தீர்க்காத ஒரு கேள்வியும் இருந்தது. அந்த ரயில்கள். இன்னொரு ஐப்பசி வந்தால்? அந்தத் தூண்டிலைக் கலைத்துவிட்டு, எங்காவது நூறு பேர் செத்தால், அந்தப் பாவம் யார் தலையில்?

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு போட்டபோது அதை வாய்விட்டே கேட்டாள்.

ராஜமாணிக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உயிரோட இருந்தப்ப வந்து, 'தணிகை, நாட்டுக்காக உன் பேரக் கெடுத்துக்க'ன்னு கேட்டிருந்தா அவன் குடுத்திருப்பான்மா. நம்மளக் கேட்டிருந்தாக்கூட நானே குடுத்திருப்பேன். கேக்கல. அவன் உயிரக் காப்பாத்தற சைரனக் கேட்டான், அத்த குடுக்கல. குடுக்காம சாவடிச்சு, செத்தவன் விரல்ல மை தடவி, அவனத் துரோகியா ஆக்கி, அதுல வந்த நல்லத நம்மகிட்ட வந்து சொல்றாங்கோ." கையை உதறினார். "ரயில் ஓடணும்தான். ரயிலக் காப்பாத்தறதுக்குப் பணம் வாங்கறான் இல்ல, வேற வழி யோசிக்கட்டும். ஆராய்ச்சின்னா அதானே? நாலு நாள்ல பணம் வருதில்ல அவனுக்கு?"

"ஜெயில்ல போடுவாங்க மாமா."

"போடட்டும். மொத மொத ஆர்டர மீறினேன்னு சந்தோஷமாப் போவேன். நீ போஸ்டர் அடிம்மா."

இறந்து ஒரு வருடம் முடிந்தால் போஸ்டர் ஒட்டுவது ஊர் வழக்கம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சுகந்தி மையத்திலேயே உட்கார்ந்து வடிவமைத்தாள். யூனிஃபார்ம் போட்ட படம். மேலே "முதலாம் ஆண்டு நினைவஞ்சலி". கீழே பிறந்த நாள், இறந்த நாள், பட்டாளத்து எண். ஒரு மூட்டை நிறையக் குடியாத்தத்தில் அச்சடித்து வாங்கி வந்தாள். பிப்ரவரி பத்தொன்பது காலை, பஸ் ஸ்டாண்டு, பால் சொசைட்டி, பள்ளிக்கூடச் சுவர் என்று தானே பசை தடவி ஒட்டினாள். ஒட்ட ஒட்டக் கூட்டம் சேர்ந்தது. யாரும் என்ன ஏதென்று கேட்கவில்லை. ஒரு வருடம் வாயை மூடியிருந்தவர்கள், ஆளுக்கொரு போஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டினார்கள்.

பத்து மணிக்கு ஊர் நடுவே மேசை போட்டுப் படத்தை வைத்து, அதன்மேல் கொடியைப் போர்த்தினார்கள். பழைய பட்டாளத்துக்காரர்கள் மெடலைக் குத்திக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். பிகிள் ஊதக் கன்னியப்பன் வந்தார். எழுபத்தாறு வயது, முன்பல் இல்லை. பொய்ப் பல்லைக் கட்டிக்கொண்டு ஊதினார். மூன்று இடத்தில் சுருதி உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஊதினார். ராஜமாணிக்கம் மூன்று விரல் உள்ள கையைத் தொங்கவிட்டு, மற்றக் கையால் மகனுக்கு சல்யூட் அடித்தபடி நின்றார். நூறு போன்களாவது படம் பிடித்தன. மத்தியானத்துக்குள் அந்தப் போஸ்டர் நாடெங்கும் போய்விட்டது. எல்லைக்கு அப்பாலும் போயிருக்கும்.

நான்காம் நாள் சுகந்தியின் இ-சேவை உரிமத்தை ரத்து செய்தார்கள். மாமனாரையும் அவளையும் வேலூருக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் விசாரித்தார்கள். வழக்குப் போடவில்லை. போட்டால் எல்லாவற்றையும் கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஒருநாள், நாலு முறை கேட்டும் வராத இறப்புச் சான்றிதழ் கேட்காமலே பதிவுத் தபாலில் வந்தது.

சுகந்தி உறையைக் கிழித்தாள். பெயர் சரி. தகப்பனார் பெயர் சரி. இறந்த நாள் என்ற இடத்தில், பிப்ரவரி பத்தொன்பது என்று சரியாகத்தான் இருந்தது. வருடம் மட்டும் இந்த வருடம்.

தட்டச்சுப் பிழை என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே நம்பியிருக்கும். சுகந்தி நம்பவில்லை. இந்தத் தாளின்படி தணிகைவேல் போன வருடம் முழுக்க உயிரோடு இருந்திருக்கிறார். எதிரியிடம் "எவ்வளவு தருவீங்க" என்று கேட்டது அவரேதான். சைரன் அடிக்காத அறையில் யாரும் சாகவில்லை. செத்தவன் ஒருவனின் பெயரில் யாரும் பணம் வாங்கவும் இல்லை. ஒரே ஒரு எண்ணை மாற்றிக் கோப்பைச் சுத்தமாக மூடிவிட்டார்கள்.

தாலுகா அலுவலகத்தில் அதை மேசைமேல் திரும்ப வைத்தாள். எழுத்தர் ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்தத வாங்கிக்குங்கம்மா. இத்த வச்சுதான் எல்லாம் ஆவணும் உங்களுக்கு. ஒரு வருஷம் முன்னபின்ன இருந்தா இன்னா போச்சு?"

"எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு சார். அந்த ஒரு வருஷத்துல அவர் பேரும் போவுது. அத்த நா வுட மாட்டேன்." அவள் உரக்கத்தான் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க ஊர்ல இருநூத்திப் பன்னெண்டு பேரு அவர எரிச்சத கண்ணால பாத்தவங்க. ஒவ்வொருத்தரா கூட்டினு வரேன். நீங்க உக்காந்து எழுதுங்க."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது போன் அடித்தது. தெரியாத எண். பெண் குரல், தெக்கத்திப் பேச்சு.

"சுகந்தி அக்காங்களா? நான் செங்கோட்டைப் பக்கத்துல இருந்து பேசுதேன். பேரு மாரித்தங்கம். ஒங்க போஸ்டரப் போன்ல பாத்தேன். ரொம்ப நாளா யோசிச்சுட்டு இன்னைக்குத்தான் ஒங்க நம்பர வாங்கினேன்."

"சொல்லும்மா."

"எங்க வீட்டுக்காரரும் சிக்னல்தாங்கா. அவரையும் கொடி போத்தாமத்தான் கொண்டாந்தாவ. போஸ்டர் ஒட்டாதீங்கன்னாவ. சட்டிபிகேட்டு இன்னும் வரல." குரல் தயங்கியது. "ரெண்டு வருசம் ஆச்சுக்கா."

இரண்டு வருடம். இவர்தான் முதல் என்று சொன்ன மனுஷனின் வருத்தம் தோய்ந்த முகம் கண்ணுக்குள் வந்தது. அந்த முகத்தை அவள் பாதிக்கு மேல் நம்பியிருந்தாள்.

"அக்கா? இருக்கீயளா?"

"இருக்கேன். நல்லாக் கேட்டுக்கோ, மாரித்தங்கம். சர்டிபிகேட் தானா வரும். வந்தா கையெழுத்துப் போட்டு வாங்காத." கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள். தாளைக் காணோம். சுவரில் ஒட்டியிருந்த ஏதோ கட்சி நோட்டீஸைக் கிழித்துப் பின்பக்கத்தைத் திருப்பி முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

"அவரு பேரு, செத்த தேதி. வருஷத்தோட சேத்துச் சொல்லு."